உள்ளதை உள்ளபடி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணா,

எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் காது, அண்ணியின் முழங்கால் இரண்டும் எப்படி இருக்கின்றன என்று முதலில் எழுது, மற்றக் கதையெல்லாம் அப்புறம். போன ஞாயிற்றுக்கிழமை நான் போனில் கத்தியது கீழே சலவைக்கடை அம்மாள் வரைக்கும் கேட்டிருக்கிறது. உனக்கு மட்டும்தான் கேட்கவில்லை. உன் காதுக் கருவி விசிலடித்த விசிலில் நான் ஒன்று சொல்ல, நீ வேறொன்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாய். அண்ணி சொன்னதுதான் சரி. இனிமேல் நமக்குள் கடிதம்தான்.

சொல்ல வந்தது இது. எங்கள் ஆங்கிலப் பிரிவுக்கு அங்கீகாரம் வாங்கப் போகிறார்கள். இத்தனை வருஷம் அது இல்லாமலா நடந்தது என்று கேட்பாய். பல்கலைக்கழகத்துக்கு உண்டு. பட்டப்படிப்பில் சேருவதற்கு முன்னால், பல நாடுகளிலிருந்து இங்கே வந்து ஆங்கிலம் போதாதவர்களுக்கு ஒரு வருஷம் சொல்லிக்கொடுக்கிறோமே, அந்த எங்கள் பிரிவுக்கு என்று தனியாக இல்லை. இப்போது ஒரு குழு வந்து, எங்களை அலசிப் பார்த்து, முத்திரை குத்தப் போகிறது. கிட்டத்தட்ட உன் உத்தியோகம்தான். நீ கடைகளில் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கிறாய், இவர்கள் வாத்தியார்களைச் சோதிக்கிறார்கள்.

மூன்றாவது மாடியில் எங்கள் ஓய்வறையைப் பிடுங்கி 'சான்று அறை' என்று பலகை மாட்டிவிட்டார்கள். உள்ளே சுவர் தெரியாமல் கோப்புகள். நாங்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் நிற்கிறோம்.

எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. புது விதிப்படி, மொழி கற்பிப்பதிலேயே தனியாகப் பட்டம் வாங்கியவர்கள்தான் வகுப்பெடுக்கலாம். நான் படித்தது இலக்கியம். பொறுப்பாளர் அம்மாள் என்னைக் கூப்பிட்டு, "பயப்படாதீங்க, உங்க அனுபவத்தைக் காட்டி விதிவிலக்கு எழுதித் தரேன். குழு வந்து நல்லபடியா திரும்பிப் போகட்டும், அடுத்த நாளே கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். நல்ல மனுஷிதான். ஆனால் அதற்கு அர்த்தம் என்ன? குழு நல்லபடியாகப் போனால் எனக்கு வகுப்பு உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அந்த வகுப்பு எனக்கு என்ன என்று உனக்குத் தெரியும். இந்த ஊரில் என்னோடு பேசுகிறவர்கள் அவர்கள் மட்டும்தான்.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை


பிப்ரவரி 17

என் வாயாடித் தங்கைக்கு,

காது பழையபடிதான். டாக்டர் கருவியைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இல்லீங்க, இதுக்குத்தான் வயசாயிடுச்சு" என்று என்னைச் சமாதானப்படுத்தினார். உன் அண்ணியின் முழங்கால் படி ஏறும்போது மட்டும் வலிக்கிறதாம். சண்டை போடும்போது வலிக்கவில்லை.

சோதனை என்றதும் நீ எதற்கு இப்படி நடுங்குகிறாய்? நான் முப்பது வருஷமாகச் சோதிக்கிறவன். நாங்கள் வந்தால் கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைக்கிறார்கள், எங்களுக்கு நாற்காலி போடுகிறார்கள், நாங்கள் போனதும் கண்டபடி திட்டுகிறார்கள். ஆனால் சரியான கல் வைத்திருப்பவன் எவனையும் நான் தொந்தரவு செய்ததில்லை. உன் கல் சரியான கல். பத்து வருஷத்துக்கு மேலாக அதே இடத்தில் இருக்கிறாயே, சும்மாவா?

அது சரி, அந்த வகுப்பில் நீ என்னதான் செய்கிறாய்? ஒரு தடவையாவது விவரமாக எழுது. இங்கே யாராவது "தங்கச்சி என்ன பண்றாங்க?" என்று கேட்டால் "இங்கிலீஷ்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். கொஞ்சம் அலட்டிக்கொள்ளலாம் என்றால் எனக்கு விவரம் போதவில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொள். நம் வீட்டுக் காது கொஞ்சம் சீக்கிரம் கெடுகிற ரகம்.

உன் அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

இருவரும் சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருப்பதில் சந்தோஷம். நானும் அப்படித்தான், சண்டை போடத்தான் ஆள் இல்லை.

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். என் வகுப்பில் முதல் அரைமணி நேரம் யாரும் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. முந்தின நாள் வெளியே எங்கேயாவது பேசத் தெரியாமல் மாட்டிக்கொண்டிருப்பார்கள் அல்லவா, அதை வந்து சொல்ல வேண்டும். லாரி ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு இப்போது படிக்க வந்திருக்கிற ஒருவர் இருக்கிறார், என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் சின்னவர். கூரை ஒழுகுகிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்லத் தெரியாமல், மேலே கையைக் காட்டி "வீட்டுக்குள்ள மழை, வீட்டுக்குள்ள மழை" என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் அதைப் பாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டாராம்! வகுப்பே சேர்ந்து அவருக்கு ஒரு வாக்கியம் கட்டிக்கொடுத்தது. மறுநாள் கூரைக்கு ஆள் வந்துவிட்டது. தன் ஊரில் நர்சாக இருந்த ஒரு அம்மாள், மருந்துக்கடையில் தனக்குத் தலைசுற்றுகிறது என்று சொல்லத் தெரியாமல் நின்றதைச் சொல்லி அழுதுவிட்டார். ஊரெல்லாம் ஊசி போட்ட கை அது. அன்றைக்கு நாங்கள் புத்தகத்தைத் தொடவே இல்லை.

புத்தகத்தையும் முடித்துவிடுவேன், கவலைப்படாதே. வகுப்பு முடிந்ததும் அறையிலேயே உட்கார்ந்திருப்பேன். விட்டதை அப்போது பார்த்துக்கொள்வோம். வீட்டுக்குப் போய் நான் மட்டும் என்ன கிழிக்கப் போகிறேன்?

இப்போது ஒரு யோசனை கேட்க வேண்டும். குழு வரும்போது மாணவர்களைத் தனியாக ஒரு அறையில் உட்கார வைத்துப் பேசுவார்களாம், ஆசிரியர்கள் உள்ளே போகக் கூடாது. எல்லா வகுப்புக்கும் பொறுப்பாளர் அம்மாள் ஒரு தாள் கொடுத்திருக்கிறார். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. "எல்லாரும் இதைச் சொல்லிக்கொடுத்துப் பழக்கிடுங்க" என்றார். மற்ற வகுப்புகளில் தினமும் ஒப்பிக்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. மனப்பாடம் பண்ணாதீர்கள், உங்களுக்கு வேண்டியதை நீங்களே பேசுங்கள் என்று வருஷம் முழுக்கச் சொன்னவள் நான். எந்த முகத்தோடு அந்தத் தாளை நீட்டுவேன்?

சோதிக்கிறவன் நீ. நீயே சொல், கொடுக்கட்டுமா வேண்டாமா?

உன் தங்கை


மார்ச் 21

அன்புத் தங்கைக்கு,

சௌக்கியம், சௌக்கியம், இரண்டு பேரும் சௌக்கியம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கொடுக்காதே.

ஒப்பிக்கிறவனைச் சோதனைக்காரன் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவான். நான் உள்ளே நுழைந்ததும் கேட்காமலேயே "சார், நம்ம கடையில எல்லாம் கரெக்ட்டா இருக்கும் சார்" என்பவன் கடையில்தான் நான் மேஜைக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். கல்லை நீட்டிவிட்டு, "பாத்துக்கங்க" என்று வியாபாரத்தைக் கவனிக்கிறவன் மேல் எனக்கு ஒரு மரியாதை.

உன் ஆட்களிடம் ஒன்றே ஒன்று சொல். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று சொல். லாரிக்காரர் கூரைக் கதையைச் சொல்லட்டும், நர்ஸ் அம்மாள் தன் கதையைச் சொல்லட்டும். கேட்கிறவர்கள் மனுஷர்களாக இருந்தால் உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். என் சர்வீஸின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன்.

உன் கடிதத்தை உன் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். 'வீட்டுக்குள்ள மழை' என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த வீட்டுக்காரரிடம் நானும் நன்றாக அலட்டிக்கொண்டேன்.

தைரியமாக இரு.

உன் அண்ணன்


ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணா,

உன் காதில் போட்டுவைக்க நல்ல சேதி இருக்கிறது. கருவி தேவைப்படாத சேதி.

குழு வந்து போய்விட்டது. மொத்தம் இரண்டே பேர். பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு அம்மாளும், எந்நேரமும் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்த ஒரு உயரமானவரும். நீ வருவது போல விறைப்பாக வரவில்லை, சிரித்த முகமாகத்தான் வந்தார்கள். என் வகுப்பிலும் பின்வரிசையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு மட்டும் எல்லா வகுப்பிலும் ஒரே பக்கத்தை நடத்த வேண்டும் என்று உத்தரவு. அந்தப் பக்கத்தை நடத்தினேன்.

மாணவர்களுக்குத் தாள் கொடுக்கவில்லை. நீ சொன்னபடியே, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் நடைவழியில் அறிவிப்புப் பலகையைப் படிக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். ஒரே அறிவிப்பை நாலு தடவை படித்தேன். அப்போது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது அண்ணா! மற்ற வகுப்புக்காரர்கள் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார்கள், என் ஆட்களை மட்டும் விடவே இல்லை.

கடைசியில் லாரிக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "டீச்சர், உங்களைப் பத்தி ஒண்ணு விடாம சொல்லிட்டோம். புத்தகத்தை ஓரமா வச்சுட்டு எங்களைப் பாப்பீங்கன்னு சொன்னேன். வேற வகுப்புக்கு மாத்தினா போக மாட்டோம்னும் சொல்லிட்டேன்" என்றார். நர்ஸ் அம்மாள், "அவர் எல்லாத்தையும் எழுதிக்கிட்டார்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

முடிவு வர இரண்டு மாதமாவது ஆகுமாம். எனக்கு அவசரமில்லை.

அண்ணியிடம் சொல், அன்றைக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம் நிம்மதியாகத் தூங்கினேன்.

உன் தங்கை


ஏப்ரல் 30

என் வாயாடிக்கு,

பார்த்தாயா! நான் சொல்லவில்லையா? உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உன் அண்ணியை ஒரு வாரமாகப் படுத்தி எடுக்கிறேன். "எல்லாம் உங்களாலதானா? அவ பாடம் நடத்தினதுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று ஒரு வெட்டு வெட்டினாள். அதுவும் நியாயம்தான், உன் பங்கும் கொஞ்சம் உண்டு.

விதிவிலக்குக்குக் கையெழுத்து ஆகிவிட்டதா? குழு போன மறுநாளே போட்டுத் தருவதாகச் சொன்னாரே அந்த அம்மாள், கேட்டு வாங்கிக்கொள். ஆபீசில் வாய்வார்த்தையை நம்பக் கூடாது.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனாலும் நாங்கள் நலம்.

உன் அண்ணன்


ஜூலை 2

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லாம் நலம். நடுவில் எழுத முடியவில்லை, வேலை கொஞ்சம் அதிகம்.

என் அறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பஸ் நிறுத்தத்துக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். அதனால் இப்போது வரிசையில் நிற்கிறவர்களின் கால்கள் மட்டும்தான் எனக்குத் தெரிகின்றன. செருப்பைப் பார்த்தே யார் என்று சொல்லப் பழகிவிட்டேன். சலவைக்கடை அம்மாள் தன் மகளோடு இருக்கப் போய்விட்டார். கடையை மூடிவிட்டதால் கீழே சத்தமே இல்லை. நல்ல அமைதி.

ஒரு நாற்காலி வாங்கினேன், இப்போது இரண்டாகிவிட்டது. இரண்டாவதில் துணிமணி போட்டு வைத்திருக்கிறேன்.

அண்ணியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். உன் காதைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஜூலை 15

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இருக்கிறாயா என்றுதான் தெரியவில்லை. 'எல்லாம் நலம்' என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாய். அதனால்தான் கேட்கிறேன்.

சுவரைப் பற்றி எழுதியிருக்கிறாய், செருப்பைப் பற்றி எழுதியிருக்கிறாய், நாற்காலியைப் பற்றி எழுதியிருக்கிறாய். லாரிக்காரர் எங்கே? நர்ஸ் அம்மாள் எங்கே? வகுப்பு என்கிற வார்த்தையே கடிதத்தில் இல்லை. என் காதுதான் மந்தம், கண் இன்னும் நன்றாகவே இருக்கிறது.

அங்கீகாரம் என்ன ஆயிற்று? விதிவிலக்கு என்ன ஆயிற்று? மழுப்பாமல் எழுது.

உன் அண்ணி இரண்டு தடவை போன் போட்டாளாம், நீ எடுக்கவில்லையாம்.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணா,

நேரம் கழித்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை.

அங்கீகாரம் கிடைத்துவிட்டது. நுழைவாயிலில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், நானும் ஓரத்தில் நின்றேன். எங்கள் பிரிவுக்கு நல்லதுதான். இனி எங்களிடம் படித்தவர்களை வேறு பல்கலைக்கழகத்திலும் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்வார்களாம். நர்ஸ் அம்மாள் அப்படித்தான் வேறு ஊருக்குப் போகப் போகிறார். அதில் எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம். இதை நீ நம்ப வேண்டும்.

எனக்குத் தகுதிப் பட்டம் இல்லாததால் வகுப்பு கொடுக்க முடியவில்லை. விதிவிலக்கு சரிப்பட்டு வரவில்லை. வெளியே அனுப்பிவிடவில்லை, தேர்வு மையத்தில் போட்டிருக்கிறார்கள். தடுப்புத் தடுப்பாகப் பிரித்த பெரிய கூடம். தேர்வு தொடங்கும் முன் விதிமுறைத் தாளை உரக்க வாசிக்க வேண்டும். அதில் இருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. யாராவது கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டால், பதில் சொல்லாமல், தாளில் அதற்குரிய வரியைத் திரும்ப வாசிக்க வேண்டும். மற்ற நேரம் நடந்துகொண்டே இருக்கலாம். ரப்பர் செருப்பு போடச் சொல்லியிருக்கிறார்கள், சத்தம் வரக் கூடாதாம்.

கஷ்டமான வேலை இல்லை. வாய்க்கு ஓய்வு. நீ வாயாடி வாயாடி என்பாயே, இப்போது வந்து பார்த்தால் அசந்துபோவாய்.

இதற்குமேல் விசாரிக்காதே அண்ணா. முடிந்த கதை.

உன் தங்கை


செப்டம்பர் 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுவது. எனக்கு உன் அண்ணனைப் போலக் கோவையாக எழுத வராது. நலமா என்று கேட்கப் போவதில்லை. எனக்கே தெரிகிறது.

உன் கடிதத்தை உன் அண்ணன் படித்தார். மறுநாள் உன் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துத் தேதி வாரியாக மேஜையில் அடுக்கினார். ஆபீஸ் கோப்பைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். ஏப்ரல் கடிதத்துக்கு வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் போய் என்ன என்று கேட்டேன். "அந்த உயரமானவன் எல்லாத்தையும் எழுதிக்கிட்டான்னு போட்டிருக்கா. நான்தான்டி கெடுத்தேன்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன கெடுத்தீங்க?" என்று கேட்டால், கடிதங்களை மறுபடியும் முதலிலிருந்து அடுக்குகிறார்.

அன்றிலிருந்து காதுக் கருவியையும் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறார். யார் என்ன பேசினாலும் தலையை மட்டும் ஆட்டுகிறார். உனக்கு எழுத உட்கார்கிறார், இரண்டு வரி எழுதுகிறார், கிழித்துப் போடுகிறார். கூடை நிறைந்துவிட்டது.

அவர் உனக்கு என்ன யோசனை சொன்னார், அங்கே என்ன நடந்தது என்று எனக்கு வேண்டாம். அவருக்கு ஒரு வரி எழுது. நீ இங்கே வந்துவிடேன் என்று சொல்லவும் எனக்கு ஆசைதான். வந்தால் மாடி அறை இருக்கிறது. ஆனால் நீ வரமாட்டாய் என்று அவர் சொல்கிறார். ஏன் என்று கேட்டேன். "இங்க வந்து யாருக்குச் சொல்லிக்கொடுப்பா?" என்கிறார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி


செப்டம்பர் 19

தங்கைக்கு,

கடைக்காரர்கள் சிலபேரிடம் தேய்ந்த கல் இருக்கும். அதைத் தள்ளுபடி செய்வோம், எல்லோருக்கும் தெரியும். சிலபேரிடம் அளவுக்கு மேல் கனமான கல் இருக்கும். வாங்குகிறவனுக்குக் கூடுதலாகப் போகிற கல். "சார், இதுல யாருக்கு நஷ்டம், எனக்குத்தானே?" என்று கெஞ்சுவார்கள். அதையும் தள்ளுபடிதான் செய்வோம். எத்தனை கல்லை அப்படித் தள்ளியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

இவ்வளவும் தெரிந்தவன்தான் உனக்கு அப்படி யோசனை சொன்னேன். என் தங்கை என்றதும் புத்தி வேலை செய்யவில்லை. உன்னை எல்லோரும் புகழ வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டேன்.

அவர்கள் சொன்னதால்தானா? ஆமாம், இல்லை என்று எழுதினால் போதும்.

அண்ணன்


அக்டோபர் 11

அன்புள்ள அண்ணா,

ஆமாம்.

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பொய் சொல்லவும் யோசித்தேன். ஆனால் நீ என்னையும் படித்துவிட்டாய், என் கடிதங்களையும் தேதி வாரியாகப் படித்துவிட்டாய். இனிமேல் மறைத்து என்ன பிரயோஜனம்?

அறிக்கை வரட்டும் என்று விதிவிலக்குக் கையெழுத்தைத் தள்ளிப்போட்டிருந்தார்கள், ஜூன் மாதம் அது வந்தது. பொறுப்பாளர் அம்மாள் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அதில் ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். என் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. "இதை நான் சரிபண்ணினேன்னு எழுத்துல காட்டினாத்தான் அங்கீகாரம். எனக்கு வேற வழி தெரியலைங்க. அந்தத் தாளை நீங்க குடுத்திருக்கக் கூடாதா?" என்றார். அவர் பேரில் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் கீழே இன்னும் எத்தனையோ பேருடைய வேலை இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன். 'ஒரு வகுப்பில் ஆசிரியர் பாடநூலைத் தொடுமுன் மாணவர்களின் அன்றாடச் சிரமங்களை எடுத்துக்கொள்கிறார். வகுப்பு நேரம் முடிந்த பின்னும் அவர்களோடு இருக்கிறார். வெளியில் பேசுவதற்கு இப்போது தங்களுக்குப் பயமில்லை என்று அந்த மாணவர்கள் கூறுகின்றனர். வேறு வகுப்புக்கு மாற அவர்கள் விரும்பவில்லை. இது ஏற்கப்பட்ட பாடத்திட்டத்திலிருந்து விலகல்.'

அண்ணா, இதில் பொய் ஏதாவது இருக்கிறதா? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி ஒருவர் உட்கார்ந்து எழுதியது இது மட்டும்தான். அதைக் குற்றமாக எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக்கு ஒரு பிரதி கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். எதற்கு என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. ஆகவே நீ கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொள். நீ எதையும் கெடுக்கவில்லை. அன்றைக்கு அந்தத் தாளை நான் கொடுத்திருந்தால் வகுப்பு தங்கியிருக்கும். ஆனால் அதற்கு அப்புறம் அவர்கள் முன்னால் நின்று என்னால் பேசியிருக்க முடியாது.

போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தேர்வுக் கூடத்துக்கு லாரிக்காரர் வந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். தேர்வு நடுவில் கையைத் தூக்கினார். பக்கத்தில் போனேன். ஆங்கிலத்தில் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, ஒரு கேள்வி கேட்டார். எவ்வளவு அழகாக அமைந்த வாக்கியம் தெரியுமா! ஒரு பிசகு இல்லை. வீட்டுக்குள் மழை என்று சொன்ன மனுஷன். எனக்கு அந்த இடத்திலேயே கைதட்ட வேண்டும் போல இருந்தது. நான் தாளைப் பிரித்து, அதற்குரிய வரியை வாசித்தேன். அவர் மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் அதே வரியை வாசித்தேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல டீச்சர்" என்று சொல்லிக் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் அறைக்கு வந்து இரண்டாவது நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டேன். யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

நான் அங்கே வரவில்லை அண்ணா. ஒப்பந்தம் முடியும்வரை இங்கேதான். அதற்கு அப்புறம் என்ன என்று எனக்குத் தெரியாது. நீ அண்ணியிடம் சொன்ன காரணம் சரிதான், என்னைவிட உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்த கடிதத்தில் மன்னிப்பும் வேண்டாம், ஆறுதலும் வேண்டாம். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்காதே. எனக்குப் பதில் தெரிந்த கேள்வியாக ஒன்று கேள். உனக்கு ஆபீசில் வருகிற கடிதத்தில் புரியாத ஒரு ஆங்கில வார்த்தை இருக்கும். மருந்துப் பெட்டியில் ஒரு வரி இருக்கும். அண்ணி எதையாவது யாரிடமாவது எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பாள். எதுவானாலும் சரி, கேட்டு எழுது. நான் விளக்கமாகப் பதில் எழுதுகிறேன்.

என்னிடம் யாரும் சந்தேகம் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

உன் தங்கை